பச்சிளங்குழந்தை: பாட்டி கையும் மருத்துவர் சொல்லும்

தாய்ப்பாலைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதிய பதிலைத் தொடர்ந்து ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. பிறந்த குழந்தையை வீட்டுப் பெரியவர்கள் பராமரிக்கும் முறைக்கும் மருத்துவமனையில் சொல்லி அனுப்பும் அறிவுரைக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் இளம் பெற்றோர் எழுதியவையே அவற்றுள் மிகுதி. ஒரு பாட்டியும் எழுதியிருக்கிறார். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (வாசகி, ராஜபாளையம்): எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. என் அம்மா தினமும் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுகிறார். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுகிறார். தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுக்கிறார். மார்பைப் பிதுக்குகிறார். பிறகு சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டுப் படுக்க வைத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குகிறாள். மருத்துவமனையில் இவை எதுவும் வேண்டாம் என்றார்கள். எதை நிறுத்தச் சொல்வது?

பதில்: நீங்கள் குளியல் என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் ஏழெட்டுச் செயல்கள் அடங்கியிருக்கின்றன. அத்தனையையும் சேர்த்து நல்லது என்று அம்மாவும், அத்தனையையும் சேர்த்துக் கூடாது என்று மருத்துவமனையும் சொல்வதால்தான் சண்டை வருகிறது. நான் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறை எளியது. குழந்தையின் தோலுக்கு மேலே இதமாகச் செய்யப்படுவது பெரும்பாலும் இருந்துவிட்டுப் போகலாம். வாய், மூக்கு, காது, கண், தொப்புள், ஆசனவாய் ஆகியவற்றுக்குள் போவது எதுவாயினும், தாய்ப்பாலையும் மருத்துவர் எழுதித் தந்த மருந்தையும் தவிர, நிறுத்தப்பட வேண்டும்.

உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு உடல் முழுவதும் மென்மையாகத் தேய்த்துவிடுவதை மேற்கொள்ளலாம் என்று உலக சுகாதார அமைப்பே 2022-இல் வெளியிட்ட பேறுகாலப் பின்கவனிப்பு வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். ஆனால் கையையும் காலையும் இழுத்து முறித்து நீவுவதும், மூக்கை எடுப்பாக்குவதாகப் பிடித்துவிடுவதும், தலையை உருட்டி வடிவம் கொண்டுவருவதும் வலியைத் தவிர வேறு எதையும் தருவதில்லை. பிறக்கும்போது நீண்டிருக்கும் தலை சில நாள்களில் தானாகவே உருண்டைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெருமை உருட்டியவருக்குப் போய்ச் சேருகிறது.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் ஒரு கைத்திறமைதான். மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, குழந்தையின் தலை கணுக்கால் பக்கம் இருக்கும்படி கிடத்தி, நீர் மூக்கில் இறங்காதவாறு இடக்கையை நெற்றியில் குறுக்கே வைத்து ஊற்றும் ஒரு பாட்டியிடம் குழந்தை வழுக்கி விழுவதில்லை. முதல் குழந்தையைக் கையில் எடுக்கவே அஞ்சும் தாய் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அம்மாவிடம் இரண்டு திருத்தங்கள் மட்டும் கேளுங்கள். நீரின் சூட்டைப் புறங்கையிலோ முழங்கையிலோ ஊற்றிப் பார்க்கட்டும். அடுப்பிலும் வெந்நீரிலும் பழகிக் காய்ப்பேறிய உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. குளியலும் சில நிமிடங்களில் முடியட்டும். பிறந்த முதல் 24 மணி நேரத்தில் குளிப்பாட்டவே கூடாது. குழந்தையின் உடல் அப்போது எளிதில் குளிர்ந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மெழுகு போன்ற பூச்சும் அதன் தோலுக்குப் பாதுகாப்பு. எடை குறைவாகப் பிறந்த குழந்தையாக இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூக்கில் எண்ணெய் விடுவதைத்தான் நான் இன்றே நிறுத்தச் சொல்வேன். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கும்போது தண்ணீர் தூண்டுவதுபோல் இருமலைத் தூண்டாமல் மெல்ல நுரையீரலுக்குள் வழிந்து அங்கேயே தங்கிவிடும். நுரையீரலால் அதை வெளியேற்ற இயலாது. அதனால் வரும் நிமோனியா வாரக்கணக்கில் நீடிக்கும். சாதாரணக் கிருமி மருந்துகளுக்கு அடங்காது. ஊதுவதால் ஊதுகிறவரின் வாயிலுள்ள கிருமிகளும் கூடவே போகின்றன. விரலால் எடுக்கப்படுவது பெரும்பாலும் சளியே அன்று. குழந்தையின் எச்சிலும், தொண்டையைக் குடைந்ததால் ஊறிவரும் நீரும்தான். நகம் பட்டுத் தொண்டை கிழிந்த குழந்தைகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தையின் மூக்குத் துவாரம் குறுகியதாகையால் மூச்சு விடும்போது கொர்கொர்ரென்று சத்தம் வருவது இயல்பு. பால் குடிக்க முடியாத அளவுக்கு அடைப்பு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மருத்துவரைக் கேட்டு விடலாம்.

மார்பு வீங்கியிருப்பது தாயின் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) குழந்தையின் உடலிலும் சிறிது காலம் தங்கியிருப்பதால் ஏற்படுவது. ஆண் குழந்தைக்கும் வரும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். சாம்பிராணிப் புகையும் பவுடர்த் தூளும் போகுமிடம் அந்தச் சிறிய மூச்சுக்குழல்தான் என்பதால் இரண்டும் வேண்டாம். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினாலே ஈரம் போய்விடும். மூன்று மணி நேரத் தூக்கத்தில் வெந்நீரின் இதத்துக்கும் பங்குண்டு, அழுது களைத்ததற்கும் பங்குண்டு. இதம் மட்டும் இருந்தாலும் அவள் தூங்குவாள்.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை வேகவைத்து உலர்த்தி, குளிப்பாட்டியவுடன் கல்லில் இழைத்து உரைமருந்தாகச் சங்கில் புகட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இயற்கையான பொருள்கள்தாமே, என்ன கெடுதல் வந்துவிடும் என்கிறார் மாமியார். இதற்குப் பதிலாகக் கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

பதில்: இந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் பெரியவர்கள் சமையலிலும் கைமருந்திலும் பயன்படுத்துவதைப் பற்றி நான் பேசவில்லை. மூன்றரைக் கிலோ எடையுள்ள, கல்லீரலும் சிறுநீரகமும் முழுமையாக முதிராத ஓர் உடலுக்குள் இவை என்ன செய்யும் என்பதே கேள்வி. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அளவு கூடினால் குழந்தைக்குக் கடும் வாந்தி வரும். ஜாதிக்காய்க்கு மயக்கம் தரும் தன்மை உண்டு. மருந்து கொடுத்த அன்று பிள்ளை அழாமல் கிடந்தது என்று மாமியார் மகிழ்வதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். பாலுக்கு அழ வேண்டிய நேரத்தில் அழாமல் கிடப்பது நல்ல அறிகுறியாகாது.

இரண்டு இழைப்பு, மூன்று இழைப்பு என்று கைக்கணக்கில் போகும் மருந்துக்கு அளவு என்று ஒன்று கிடையாது. உரைகல் எங்கே வைக்கப்படுகிறது, எந்த நீரில் கழுவப்படுகிறது, காய்கள் உள்ளே பூசணம் பிடித்திருக்கின்றனவா என்பவற்றையும் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம், வெளியிலிருந்து வரும் கிருமிக்கு அந்த வழியை அடைப்பதுதான்.

கிரைப் வாட்டரை நவீன மருத்துவத்தின் கணக்கில் எழுதாதீர்கள். அதுவும் ஒரு நாட்டுமருந்துதான். நாடு மட்டும் வேறு. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வணிகர் உருவாக்கிய அதில் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் நெடுங்காலம் சாராயமும் இருந்தன. சாராயம் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. வயிற்று வலிக்கு அது பயன்படும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. மாலை நேரத்தில் காரணமின்றி வீறிட்டு அழும் அழுகை ஆறாவது வார அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் எந்த மருந்தும் இல்லாமல் தானே அடங்கும். பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்து, தூக்கிக்கொண்டு நடப்பதற்கு மேல் அதற்கு வேறு வழியில்லை. அந்த நடையை வீட்டு ஆண்களும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மாமியார் மனம் நோகாதிருக்க ஓர் இடைவழி உண்டு. வசம்பைக் கோத்து வளையலாகப் போட விரும்பினால் போடட்டும். அது குழந்தையின் வாய்க்கு எட்டாதபடியும், மணி கழன்று விழாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். பால் புகட்டிய சங்கையும் தூக்கி எறிய வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கோ, தாய் வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கும் குழந்தைக்கோ பிழிந்தெடுத்த தாய்ப்பாலைக் கொடுக்கப் புட்டியைக் காட்டிலும் பாலாடை எனப்படும் சங்கே மேல் என்று நம் நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இடுக்குகள் இல்லாததால் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது.

கேள்வி (வாசகர், ஓசூர்): குழந்தை பிறந்தவுடன் பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைத்தால் அவருடைய குணம் வரும் என்கிறார்கள். தெருவில் கழுதைப்பாலும் விற்கிறது. கொடுக்கலாமா?

பதில்: மூன்றும் வேண்டாம். தேனில் குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் முளைக்காத அவை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு மெலிந்த அழுகை, பிறகு தலை நிற்காத தளர்ச்சி, கடைசியில் மூச்சுத் தசைகளே செயலிழத்தல் என்று போகும் இந்நோய் 1976-இல் கலிபோர்னியாவில் அடையாளம் காணப்பட்டது. காய்ச்சினாலும் வித்துகள் சாவதில்லை என்பதால் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. கழுதைப்பால் கறந்த சூட்டோடு, கழுவாத சங்கில், காய்ச்சாமல் கொடுக்கப்படுகிறது. குரல் நன்றாக வரும் என்பதும் மஞ்சள் காமாலை வராது என்பதும் விற்கிறவர் சொல்வது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை நாக்கில் பட வேண்டியது சீம்பால். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அதைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சி வெளியே கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அந்தச் சில தேக்கரண்டிப் பாலே முதல் இரண்டு மூன்று நாள்களுக்குப் போதுமானது. குணம் வர வேண்டும் என்று விரும்பும் பெரியவர் குழந்தையை மடியில் வைத்து வாழ்த்தட்டும்.

கேள்வி (வாசகி, கோவை): பிறந்த நான்காம் நாள் குழந்தை மஞ்சளாகத் தெரிகிறது. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்கிறார் பாட்டி. மருத்துவமனையில் விளக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: பாட்டி சொல்வதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்னும் செவிலியர் 1956-இல் குழந்தைகளை வெயிலுக்கு எடுத்துச் சென்றபோது வெயில் பட்ட தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்துதான் இன்றைய நீல ஒளிச் சிகிச்சையே பிறந்தது. மஞ்சளைத் தரும் பிலிருபினை ஒளி கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, உடல் அதை எளிதில் கழிக்கும்படி செய்கிறது. ஆயினும் வெயிலில் எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு ஒளி கிடைத்தது என்று அளக்க முடியாது. வேண்டிய அளவு ஒளி படும்படி துணியின்றிப் படுக்க வைத்தால் குழந்தையின் தோல் கன்றும், உடல் குளிரும் அல்லது வறளும். அதைவிடப் பெரிய கேடு, வெயிலை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. பிலிருபின் அளவு மிகக் கூடினால் அது மூளையில் படிந்து, காது கேளாமையும் கைகால் இயக்கக் குறைபாடும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கச் செய்துவிடும்.

ஆகவே அளவு என்ன என்று முதலில் பாருங்கள். விளக்கு வேண்டும் என்றால் தயங்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் மஞ்சள் நீடித்து, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கான அறுவைச் சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன் தரும்.

இங்கே ஒரு சிறு செய்தியும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தான் உடுத்த வேண்டும் என்பது நல்ல வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பருத்தி வேட்டி புதுத் துணியைவிடத் தோலுக்கு இதம். அந்த வேட்டி அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து வந்ததாக இருந்தால் மட்டும் கூடாது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளில் அந்த வாசனையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் காமாலையை உண்டாக்கும்.

கேள்வி (வாசகி, திருச்செந்தூர்): பத்தியம் என்று எனக்குத் தண்ணீரே அளந்துதான் தருகிறார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு சரியும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிறார்கள்.

பதில்: தாராளமாகக் குடியுங்கள். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி தாய்ப்பால் உங்கள் உடலிலிருந்து போகிறது. தண்ணீரைக் குறைத்தால் தாய்க்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் மிஞ்சும். நீங்கள் குடிக்கும் தண்ணீர் குழந்தைக்குச் சளியாகாது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கீரை எல்லாம் நல்ல உணவுகளே, மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். தமிழ்நாடு அரசு 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வைக்கப்பட்டது. பத்தியத்தில் கொடுப்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை, மறுப்பதைப் பற்றித்தான். காயும் பழமும் பருப்பும் விலக்கப்பட்டால் இரத்தசோகையோடு பிள்ளை பெற்றவள் எப்படித் தேறுவாள்?

கேள்வி (வாசகி, தருமபுரி): கண்ணுக்கு மை, தூளி, மலம் போகாதபோது வெற்றிலைக் காம்பு: இவற்றைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: மையைக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டாக வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். கடை மை சிலவற்றில் ஈயம் இருக்கிறது. வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையும் கண்ணீர்க் குழாயை அடைத்துக் கிருமியைக் கொண்டுசேர்க்கும்.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது மெல்லிய சவ்வைக் கிழிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் மாதத்துக்குப் பின் நான்கைந்து நாள்கூட மலம் கழிக்காமல் இருக்கலாம். வயிறு உப்பாமல், வாந்தி இல்லாமல், போகும்போது இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் ஆகாது.

தூளியைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நாமெல்லாம் அதில் தூங்கியவர்கள்தாம். ஆனால் வளைந்த துணியில் பச்சிளங்குழந்தையின் தாடை மார்பில் அழுந்தி மூச்சுவழி ஒடுங்கலாம், குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து மிகுதி. இரவிலும், பக்கத்தில் ஆளில்லாதபோதும், சமமான உறுதியான படுக்கையில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க வையுங்கள். தலை வடிவத்துக்காக வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளியை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. தூங்கி எழுந்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி, கும்பகோணம்): நான் ஐந்து பிள்ளைகளை இப்படித்தான் வளர்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று வந்த டாக்டர்கள் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் பேசுகிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனைகளும் ஒரு காலத்தில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தன. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவைத்துக் காப்பாற்றிய பிறகுதான், உடல் சூட்டோடு அணைத்து வைத்திருப்பதன் அருமை மருத்துவ உலகத்துக்கு விளங்கியது. மேலை நாடுகளில் 1990-களுக்கு முன் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னவர்களும் மருத்துவர்களே. சான்று கிடைத்ததும் மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் உங்கள் ஐந்து பிள்ளைகளோடு அந்தத் தெருவில் பிறந்த மற்றப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 130 பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தார்கள். 2020-ஆம் ஆண்டின் கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த எண் 13. தொப்புளில் சாம்பலும் சாணமும் வைத்ததால் வந்த ஜன்னி (டெட்டனஸ்) எத்தனை குழந்தைகளைக் கொண்டுபோனது என்பது உங்கள் தலைமுறைக்குத் தெரியாததா? கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போட்டு, கொடியைச் சுத்தமான கருவியால் வெட்டி, அதன்மேல் எதுவும் பூசாமல் உலரவிட்டதால்தான் அந்த நோயை ஒழித்த நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது.

உங்களிடம் நான் கேட்பது, நிறுத்த வேண்டியவற்றை நிறுத்திவிட்டு, கண்ணை மட்டும் குழந்தைமேல் வைத்திருங்கள் என்பதே. பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வெட்டு (வலிப்பு) வருதல், நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வடிதல்: இவற்றை வீட்டில் முதலில் கவனிக்கப்போவது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். அப்போது தொக்கம் எடுக்கவோ மந்திரிக்கவோ போகாமல், எந்த நேரமாயினும் 108-ஐ அழையுங்கள். வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சிலோ உங்கள் நெஞ்சிலோ தோலோடு தோல் படும்படி அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொள்ளுங்கள். வண்டி மருத்துவமனையை அடையும்வரை உடல் சூடு குறையாமல் இருக்கும்.